அவமானம்: யார் கணக்கில் எழுதுவது?

கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு ரேஷன் கடை. மாதத்தின் முதல் வாரம். அரிசி வந்திருக்கிறது, சர்க்கரை வந்திருக்கிறது. பாமாயில் மட்டும் நாளைக்கு வரும். (எங்கள் ஊர் ரேஷன் கடையில் பாமாயில் எப்போதுமே நாளைக்குத்தான் வரும்!)

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர். எண்பத்தைந்துக்குக் குறையாது. வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, கையில் கல்யாண வீட்டு மஞ்சள் பை. அவர் முறை வந்ததும் கடைப் பையன் மிஷினை நீட்டினான்.

"சீயான், விரலை வைய்யி."

பெரியவர் வைக்கவில்லை. வலது கையை மெள்ள முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கார்டுதேன் இருக்குல்ல? அப்புறம் வெரலு எதுக்கு?"

"ரூல்ஸு சீயான். வச்சாத்தான் பில்லு விழும்."

பெரியவர் ஒரு நிமிஷம் நின்றார். உதட்டில் ஏதோ வந்து நின்றது, வெளியே வரவில்லை. "நாளைக்குப் பேத்தியை அனுப்புறேன்" என்றவர், வெறும் பையோடு திரும்பி நடந்துவிட்டார்.

வரிசையில் ஒரே சிரிப்பு. "பெருசுக்கு கரண்ட் அடிச்சிரும்னு பயம்ப்பா!" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். நல்லாவே சிரித்தேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். இந்தக் கட்டுரை அந்த வெட்கத்தில் பிறந்ததுதான்.

அரிசியை வாங்கி டி.வி.எஸ்.ஸில் கட்டிக்கொண்டு வரும்போது டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "ரெண்டு டீ" என்றேன். டீ பாதி இறங்கியதும் அவராகவே ஆரம்பித்தார்.

"எனக்கு அப்ப ஆறேழு வயசு தம்பி. பொழுது சாஞ்சா எங்கய்யா துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக் கெளம்பிருவாரு. எங்க போறீகன்னு கேட்டா, 'காவலுக்கு'ம்பாரு. ஊருக்கே எங்கய்யாதேன் காவக்காரருன்னு எனக்குப் பெருமைன்னா பெருமை! ஒரு நா அவருக்குத் தெரியாமப் பின்னாடியே போயிட்டேன். போயிப் பாத்தா... போலீஸ் கச்சேரி வாசல்ல வரிசையா ஆளுக உக்காந்திருக்காக. அதுல எங்கய்யாவும் குத்தவச்சு உக்காந்திருக்காரு. மீசை முளைக்காத ஒரு போலீசு பேரு வாசிக்கிறான். இவரு எந்திரிச்சு 'ஆஜர் எசமான்'ங்கிறாரு. அப்பத்தேன் என்னையப் பாத்தாரு."

டீ கிளாஸை வைத்துவிட்டார்.

"என்னைய ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூடத் தேவலை தம்பி. தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அன்னையிலருந்து என் மூஞ்சியப் பாத்துப் பேசுறதை விட்டுட்டாரு. பத்து வெரலையும் மையில தோச்சு எடுத்திருந்தானுக. எனக்கு இன்னைக்கும் வெரலை வைய்யின்னா வயித்தைப் பெரட்டும். படிச்சது மூணாப்பு. ஆனா பாங்குல, பத்திர ஆபீஸ்ல எங்கயும் இதுவரைக்கும் கைநாட்டு வச்சதில்ல. கையெழுத்துத்தேன்!"

* * *

அந்தப் பெரியவரின் அப்பா எதையும் திருடியவர் இல்லை. எந்த வழக்கும் கிடையாது. அவர் செய்த ஒரே குற்றம், ஒரு குறிப்பிட்ட சாதியில் பிறந்தது.

குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றை வெள்ளைக்காரன் முதலில் 1871-ல் வடக்கே கொண்டுவந்தான். 1911-ல் அதைத் திருத்தி சென்னை ராஜதானிக்கும் நீட்டினான். அப்போது தேனி, கம்பம் எல்லாமே மதுரை ஜில்லா. 1918-ல் அந்த ஜில்லாவின் பிரமலைக் கள்ளர்கள் மொத்தமாகச் சட்டத்துக்குள் வந்தார்கள். வயது வந்த ஆண்கள் பெயரைப் பதிந்து விரல் ரேகை வைக்க வேண்டும். ராத்திரியில் ஆஜர் கொடுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதற்கும் சீட்டு! எங்கள் பக்கத்துப் பெரிசுகள் இதை ஒரே வார்த்தையில் 'ரேகைச் சட்டம்' என்பார்கள்.

ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், உசிலம்பட்டி வட்டாரத்தில் பெருங்காமநல்லூர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் செத்தார்கள்.

ஒரு விரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்துவதற்கு எத்தனை விநாடி ஆகும்? வலிக்குமா? வலிக்காது. பிறகு ஏன் ஒரு ஊரே துப்பாக்கிக்கு முன்னால் வந்து நின்றது? ஏன் ஒரு பெரியவருக்கு முக்கால் நூற்றாண்டு கழித்தும் வயிற்றைப் புரட்டுகிறது?

அவமானம் மனசில் மட்டும் நடக்கிற சமாசாரம் இல்லை என்பதுதான் பதில். அது உடம்பில் நடக்கிறது.

* * *

இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் லேபரேட்டரி கட்டினார்கள். நம் ஊர்க் கிழவிகள் கட்டவில்லை, ஆனால் அவர்களுக்கு முன்பே தெரியும். நம் பேச்சைக் கவனியுங்கள். தலை குனிஞ்சு போச்சு. மூஞ்சியில முழிக்க முடியல. கூனிக் குறுகிட்டான். உடம்பெல்லாம் கூசுது. கால் தரையில பாவல. அப்படியே பூமி பொளந்து உள்ள போயிரலாம் போல இருக்கு... தலை, முகம், முதுகு, தோல், கால் என்று ஒரு உறுப்பு பாக்கியில்லை. முழு பாடி செக்கப்!

இனி லேபரேட்டரி சொல்வதைப் பார்ப்போம்.

முகம் சிவப்பதைப் பற்றி டார்வின் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார், 1872-ல் வந்த புத்தகத்தில். உணர்ச்சிகளிலேயே மனுஷனுக்கு மட்டும் சொந்தமானது இதுதான் என்பது அவர் கட்சி. பார்வையும் கேள்வியும் இல்லாத லாரா பிரிட்ஜ்மன் என்ற அமெரிக்கப் பெண்ணுக்கும் முகம் சிவக்கும் என்று குறிப்பிட்டிருக்கிறார். எங்களைப் போன்ற நிறத்துக்காரர்களுக்குச் சிவப்பு வெளியே தெரியாது, அவ்வளவுதான். காது மடல் சுடுவது எங்களுக்கும் உண்டு.

2004-ல் ஏதென்ஸில் ஒலிம்பிக்கும் பாராலிம்பிக்கும் நடந்தபோது ஜூடோ வீரர்களைப் படம் எடுத்து, ஜெசிகா ட்ரேஸி, டேவிட் மட்சுமோட்டோ என்ற இருவர் ஆராய்ந்தார்கள். தோற்றவர்களில் பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களும் தோளைத் தொங்கவிட்டு, நெஞ்சை ஒடுக்கிக் குறுகினார்கள். தோற்றுப்போனவன் எப்படி நிற்பான் என்று அவர்கள் வாழ்நாளில் யாரையும் பார்த்ததில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் உடம்புக்கே தெரிந்திருக்கிறது.

இன்னொரு சோதனை, ஜெர்மனியில் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-ல் உருவானது. உங்களை ஒரு அறைக்குள் விடுவார்கள். எதிரே நீதிபதிகள் மாதிரி சிலர். சிரிக்க மாட்டார்கள், தலையாட்ட மாட்டார்கள். அவர்கள் முன்னால் ஐந்து நிமிஷம் உங்களைப் பற்றிப் பேச வேண்டும். முடிந்ததும், 1022-லிருந்து 13, 13-ஆகக் கழித்துக்கொண்டே வாயால் சொல்ல வேண்டும். தப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து! பி.காம். படித்த எனக்கே 1009, 996, 983... அதோடு நாக்கு குழறுகிறது. (பெண் பார்க்கப் போன அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை புதுசில்லை.)

இந்தப் பத்து நிமிஷத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இரண்டிலிருந்து நாலு மடங்கு வரை ஏறியது. ஆபத்து வந்தால் ஓடவோ சண்டை போடவோ உடம்பைத் தயார் செய்கிற சரக்கு அது. புலி துரத்தும்போது சுரக்க வேண்டியது. இங்கே புலி இல்லை, முறைத்துப் பார்க்கிற மூன்று பேர்தான். உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான்!

சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமனி என்ற இருவர் 2004-ல் இந்த மாதிரி 208 ஆராய்ச்சிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். எந்த மாதிரி கஷ்டத்தில் கார்ட்டிசால் அதிகமாக ஏறுகிறது என்பது கேள்வி. சத்தமா, வலியா, கடினமான வேலையா? இல்லை. நாலு பேர் நம்மை எடை போடும்போது, அதுவும் நாம் என்ன செய்தாலும் தப்ப முடியாது என்கிற நிலைமையில்தான் உச்சத்துக்குப் போகிறது.

கச்சேரி வாசலில் பேர் வாசித்தது ஞாபகம் வருகிறதா? நாலு பேர் பார்க்கிறார்கள், தப்ப முடியாது. சோதனை பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ரேகைச் சட்டம் தினம் ராத்திரி நடந்தது, வருஷக்கணக்கில்.

கொஞ்ச நேரம் ஏறி இறங்கினால் கார்ட்டிசால் நல்ல பிள்ளை. இறங்காமல் நின்றால் தூக்கம் கெடும், சர்க்கரை ஏறும், நோய் எதிர்ப்புச் சக்தி தடுமாறும். வயிறு தனியாகக் கச்சேரி வைக்கும். வயிறு பற்றி எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு. சொல்கிறேன்.

* * *

நான் பி.காம். கடைசி செமஸ்டர் எழுதிய வருஷம். ரிசல்ட் பார்க்க பிரவுசிங் சென்டருக்குப் போனேன். எல்லாம் பாஸ். காஸ்ட் அக்கவுண்டிங் மட்டும் 31. நாற்பது எடுத்தால்தான் பாஸ்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசலில் நின்றார். "என்னாச்சுடா?" என்றார். "பாஸ்" என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது, நான் பொறுப்பில்லை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அப்பா ஜிலேபியும் காராச்சேவும் வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டார். எதிர் வீட்டு அத்தை "எங்க வம்சத்துல மொத டிகிரி" என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தது. அந்த ஜிலேபி எனக்கு உள்ளே இறங்கவே இல்லை.

ஒரு மாதத்தில் வயிற்றுவலி வந்தது. தொப்புளுக்கு மேலே, சரியாக நாலு விரற்கடை. சாப்பிட்டாலும் வலி, சாப்பிடாவிட்டாலும் வலி. யாராவது "பட்டம் வாங்கிட்டியாப்பா?" என்று கேட்டால் ஸ்பெஷல் வலி. முதல் டாக்டர் காஸ் என்றார். இரண்டாமவர் அல்சர் என்றார். மூன்றாமவர் டியூப் விட்டுப் பார்த்துவிட்டு, "குடல் உங்களைவிட நல்லா இருக்கு" என்றார். அம்மா வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு ஆயிரங்கண் பானை நேர்ந்துகொண்டாள். வலி போகவில்லை. ஒருவேளை காஸ்ட் அக்கவுண்டிங் அம்மனுக்கும் கஷ்டமோ என்னவோ!

எட்டு மாதம் இப்படி. கூடப் படித்தவர்களை பஸ் ஸ்டாண்டில் கண்டால் சந்துக்குள் நுழைந்துவிடுவேன். சினேகிதன் கல்யாணத்துக்குப் போகவில்லை. அம்மா ஏதாவது கேட்டால் எரிந்து விழுவேன். தங்கச்சியை ஒரு தடவை கை நீட்டிவிட்டேன். அவள் செய்த தப்பு, 'அண்ணே, உன் மார்க் ஷீட்டைக் காட்டேன்' என்றது.

ஒரு சாயங்காலம் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் நானும் அப்பாவும் மட்டும். கரண்ட் போயிருந்தது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத இருட்டு. சொல்லிவிட்டேன்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எத்தனை மார்க்கு?" என்றார்.

"முப்பத்தொண்ணு."

"பரவால்லையே. எனக்கு எஸ்.எஸ்.எல்.சி.யில கணக்குல பதிமூணு."

"பாஸுன்னு சொன்னீங்க?"

"உங்க அப்பத்தாகிட்ட அப்படித்தேன் சொன்னேன். பாவம், நான் பாஸுன்னு நெனச்சுக்கிட்டே போய்ச் சேந்துருச்சு."

இருட்டில் இருவரும் சிரித்தோம். அன்று ராத்திரி ஆறு இட்லி சாப்பிட்டேன். அடுத்த தேர்வில் 58. வயிற்றுவலி அப்புறம் வரவில்லை. (எல்லா வயிற்றுவலியும் இப்படி என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். குடல் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகு, மனசில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.)

அக்கவுண்டன்ஸியில் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்று உண்டு. பற்றும் வரவும் ஒத்துப்போகாவிட்டால், வித்தியாசத்தைத் தற்காலிகமாக ஒரு மூலையில் எழுதி வைப்பார்கள். தப்பு எங்கே என்று கண்டுபிடித்ததும் நேர் செய்ய வேண்டும். நேர் செய்யாமல் வருஷா வருஷம் கொண்டுபோனால் கடையே ஒரு நாள் மூழ்கிவிடும். வெளியே சொல்லாத அவமானம் உடம்பு வைத்திருக்கும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். எனக்கு அது தொப்புளுக்கு மேல் நாலு விரற்கடையில் இருந்தது.

* * *

அப்படியானால் வெட்கமே கூடாதா? வெட்கங்கெட்டவன் என்றால் நம் ஊரில் பாராட்டா?

எங்கள் பள்ளத்தாக்கிலேயே இதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில், மலை உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில். வருஷத்துக்கு ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் ஜனங்கள் ஏறுவார்கள். அந்தக் கண்ணகியின் கதையில் பாண்டிய ராஜா எப்படிச் செத்தான்? யாரும் வெட்டவில்லை. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தது. தான் தப்பான தீர்ப்பு சொல்லிவிட்டோம் என்று தெரிந்த அந்த நொடியில் சிம்மாசனத்திலேயே விழுந்தான். உலகத்தில் அவமானம் ஒரு உடம்பை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய கேஸ் ஷீட் எங்கே இருக்கிறது?

ராஜாவுக்கு வந்தது நியாயமான வெட்கம். தப்பு செய்தான், தப்பு தெரிந்தது, கூசினான். அவன் உயிரோடிருந்து கண்ணகிக்கு ஏதாவது நியாயம் செய்திருக்கலாம் என்பது என் கட்சி. ஆனாலும் கணக்கு சரி. பற்று அவன் பேரில்தான் எழுதப்பட வேண்டும்.

வள்ளுவரும் இதற்கு இரண்டு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். மானம் என்று 97-வது, நாணுடைமை என்று 102-வது. செய்யத் தகாததைச் செய்யக் கூசுவதுதான் நாணம் என்பது அவர் கணக்கு. அந்த நாணம் நல்லது. லஞ்சம் வாங்க நீளும் கையை அது இழுத்துப் பிடிக்கும்.

ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற அமெரிக்க மனோதத்துவப் பெண்மணி 1971-ல் எழுதிய ஒரு புத்தகத்தில் இந்த வித்தியாசத்தைப் பிரித்தார். 'நான் தப்பு செய்துவிட்டேன்' என்பது ஒன்று. 'நானே தப்பு' என்பது வேறு. முதலாவதுக்கு வழி இருக்கிறது. மன்னிப்புக் கேட்கலாம், மறுபடி பரீட்சை எழுதலாம், பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். இரண்டாவதுக்கு என்ன செய்வது? நானே தப்பு என்றால் என்னை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது? அதனால்தான் மனசு இரண்டு வழி தேடுகிறது. ஒன்று, சந்துக்குள் நுழைவது. இன்னொன்று, தங்கச்சியை அடிப்பது. பின்னால் வந்த ஜூன் டாங்னி போன்றவர்களின் ஆராய்ச்சியும் இதையேதான் காட்டியது. 'நானே தப்பு' என்று குறுகுகிறவர்களிடம் கோபமும், அடுத்தவர் மேல் பழி போடுவதும் அதிகம். குடித்துவிட்டு வந்து வீட்டில் ரகளை செய்கிற எத்தனையோ ஆம்பிளைகளைப் பார்த்திருக்கிறோம். பகலில் யார் அவனை எங்கே தலை குனிய வைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். (அதற்காக அவன் அடித்தது நியாயமாகிவிடாது. அது அவன் பற்று.)

* * *

இப்போது விஷயத்துக்கு வருவோம். அவமானத்தில் பெரும்பகுதி தப்பான கணக்கில் எழுதப்பட்டது.

ரேகைச் சட்டத்தில் யார் வெட்கப்பட்டிருக்க வேண்டும்? பிறந்த குழந்தையையும் குற்றவாளி என்று எழுதிய துரை வெட்கப்பட்டிருக்க வேண்டும். அவன் நிம்மதியாகத் தூங்கினான். குத்தவைத்து உட்கார்ந்தவர் மகன் முகத்தைப் பார்க்க முடியாமல் போனார். துரையின் பற்றை அவர் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

நாமும் அதே துரை வேலையைச் செய்திருக்கிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் நட என்று சொன்னவன் வெட்கப்படவில்லை. டீக்கடையில் தனி டம்ளர் வைத்தவன் வெட்கப்படவில்லை. அந்த டம்ளரில் குடித்தவருக்குத்தான் டீ தொண்டையில் இறங்கவில்லை. ஒரு இடத்தில் தலை குனிய வைக்கப்பட்டவனே இன்னொரு இடத்தில் அடுத்தவன் தலையைக் குனிய வைக்கிறான். அவமானம் இப்படித்தான் கை மாறி ஓடுகிறது, கள்ள நோட்டு மாதிரி.

கடன் விஷயத்தைப் பாருங்கள். திராட்சைக்கு விலை இல்லை, ஏலத் தோட்டத்தில் வேலை இல்லை, வாரத் தவணை கட்ட முடியவில்லை. வசூலுக்கு வருகிறவர் உள்ளே வந்து உட்கார்ந்து பேசுவதில்லை. வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறார். ஏன்? கத்தினால் பணம் முளைக்குமா? எதிர் வீட்டு ஜன்னல் திறக்கும். அதுதான் அவர் எதிர்பார்க்கும் வட்டி. கந்துவட்டிக்கு எதிராக 2003-ல் சட்டம் வந்தது. கடன் வசூலில் மிரட்டலையும் வற்புறுத்தலையும் தடுக்க 2025-ல் சட்டமன்றம் இன்னொரு சட்டம் நிறைவேற்றியது. பணத்தைத் திருப்பிக் கொடுப்பது நம் பொறுப்பு, மறுக்கவில்லை. தெருவில் வைத்து மானத்தை ஏலம் விடுவது அவர் பற்று.

பிளஸ் டூ ரிசல்ட் நாள் இன்னொன்று. பையன் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பான். பெரியப்பா போன் செய்து, "எத்தனை மார்க்கு? ஓ... அவ்வளவுதானா? எங்க பொண்ணு..." என்பார். பெரியப்பா போனை வைத்துவிட்டு மத்தியானத் தூக்கம் போடுவார். பையனுக்கு அன்று ராத்திரி தூக்கம் வராது. பூமி பிளந்து உள்ளே போக வேண்டும் என்று அவன் நினைப்பது சும்மா வார்த்தை இல்லை. அந்த வயசில், அந்த ராத்திரியில், அது நிஜமாகவே தோன்றும். வருஷா வருஷம் பேப்பரில் படிக்கிறோம். தோற்றவர்களுக்கு உடனடித் துணைத் தேர்வு இருக்கிறது, அடுத்த மாதமே எழுதலாம். ஆனால் அந்த ராத்திரியைத் தாண்டினால்தானே அடுத்த மாதம்?

கவரிமான் பரம்பரை என்று நாம் மார்தட்டிக்கொள்வதும் இதில் சேர்த்தி. ஒரு மயிர் உதிர்ந்தால் உயிரை விடுகிற மான் எந்தக் காட்டிலும் கிடையாது. கவரி என்பது இமயமலைப் பக்கம் இருக்கும் சடை மாடு என்று விவரமானவர்கள் சொல்கிறார்கள். அந்த மாடு ஒரு மயிருக்காகச் சாவதும் இல்லை. பிள்ளைகள் காதில் விழுகிற மாதிரி இந்த உதாரணத்தைச் சொல்லாமல் இருந்தால் புண்ணியம்.

* * *

சரி, மருந்து என்ன?

ரேகைச் சட்டக் காலத்தில் மதுரையில் ஒரு வக்கீல் இருந்தார். ஜார்ஜ் ஜோசப் என்று பெயர். கேரளத்துக்காரர், கிறிஸ்தவர். அவருக்கும் கள்ளநாட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் இந்தச் சட்டத்தை எதிர்த்து எழுதினார், ரேகை வைக்க மறுத்தவர்களுக்காகக் கோர்ட்டில் வாதாடினார். ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரோசாப்பூ துரை'. அவர் 1938-ல் காலமானார். மதுரையில் அவர் சமாதிக்கு இன்றும் மாலை போடுகிறார்கள். முத்துராமலிங்கத் தேவர், ஜீவா என்று பலரும் போராடி, சென்னை ராஜதானியில் 1947-ல் சட்டம் ரத்தானது. நாடு முழுவதும் ரத்தாக 1952 ஆனது.

வக்கீல்கள் எத்தனையோ பேர். இவரை மட்டும் ஏன் ரோசாப்பூவாக நினைக்கிறார்கள்? என் யூகம் இதுதான். ஊரே குற்றவாளி என்று சொல்லும்போது வெளியாள் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, 'தப்பு உன் மேல் இல்லை' என்று சொன்னார். தலை நிமிர அந்த ஒரு ஆள் போதும். எனக்கு மோட்டார் ரூமில் கிடைத்ததும் அதுதான்.

ஆகவே பற்று யாருடையது என்று முதலில் பாருங்கள். உங்களுடையது என்றால் ஒத்துக்கொண்டு நேர் செய்யுங்கள். அடுத்தவருடையது என்றால் உங்கள் பேரேட்டிலிருந்து அடித்துவிடுங்கள். எப்படியிருந்தாலும் ஒரு ஆளிடம் சொல்லிவிடுங்கள். முகம் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருந்தால் கரண்ட் போகும் வரை காத்திருங்கள் (எங்கள் பக்கம் ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டாம்). சொல்ல ஆளே இல்லை என்று தோன்றினால் 104 இருக்கிறது, டெலிமானஸின் 14416 இருக்கிறது. இரண்டுக்கும் காசு கிடையாது, முகமும் தெரியாது. க.விலக்கு தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர்கள் இருக்கிறார்கள். அங்கே போவதிலும் வெட்கம் வேண்டாம். பல் வலிக்கு வெட்கப்பட்டா போகிறோம்?

உங்களிடம் யாராவது வந்து சொன்னால், தயவுசெய்து பெரியப்பா மாதிரி ஆரம்பிக்காதீர்கள். உங்கள் பதிமூணு மார்க்கைச் சொல்லுங்கள்.

* * *

நாலைந்து மாதம் கழித்து அதே ரேஷன் கடையில் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். கடையில் இப்போது கண்ணைப் பார்த்துப் பதிகிற மிஷினும் வந்திருந்தது. பெரியவர் முறை வந்தது. வழக்கம்போல் கை பின்னால் போனது.

"வெரலு வேணாம் சீயான். இதைப் பாரு" என்றான் பையன்.

பெரியவர் சந்தேகமாகக் குனிந்தபடி நின்றார். மிஷின் எடுக்கவில்லை.

"இப்பிடிக் குனிஞ்சா எப்பிடி? தலையை நிமித்தி நேராப் பாரு. அப்பத்தான் எடுக்கும்."

பெரியவர் துண்டைச் சரி செய்துகொண்டார். தலையை நிமிர்த்தி மிஷினை நேராக, முறைத்தே பார்த்தார். 'கீங்' என்று சத்தம் வந்தது. பில் விழுந்தது.

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. மஞ்சள் பை நிறைய அரிசியோடு என்னைக் கடந்து போனவர், நின்று சொன்னார்:

"பாத்தீகளா தம்பி? பாமாயிலு மட்டும் நாளைக்காம்!"